பூட்டு பெரிசா, சாவி பெரிசா?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் யாரும் மூன்று விஷயத்திலிருந்து தப்ப முடியாது. நிமிர்ந்து பார்த்தால் மலைக்கோட்டை. மூச்சை இழுத்தால் சீரகச் சம்பா பிரியாணி. கடைப் பக்கம் திரும்பினால் பூட்டு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு! நாலாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: கிரிக்கெட். 2016-ல் டி.என்.பி.எல். தொடங்கி, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்துக்கு மேட்ச் வந்ததிலிருந்து இந்த ஊரில் டீக்கடைக்கு ஒரு வர்ணனையாளர் உண்டு.

நான் நத்தம் பஸ்ஸில் ஏறினேன். சிறுமலை ஜன்னலோரமாகக் கூடவே வந்தது. முன் சீட்டில் ஒரு அப்பா, ஒரு பிள்ளை. அப்பா பூட்டுப் பட்டறைக்காரர். மடியில் ஒரு பை நிறைய சரக்கு. பிள்ளை மடியில் கிட் பேக், கையில் செலக்‌ஷன் ஃபாரம். ‘பேட்ஸ்மேன்’, ‘பவுலர்’ என்று இரண்டு கட்டம். எதில் டிக் போடுவது என்பதில்தான் தகராறு.

“போன வாரம் அஞ்சு விக்கெட் எடுத்தேன்ப்பா.”

“எடுத்த... மேன் ஆஃப் தி மேட்ச் யாருக்குக் குடுத்தாய்ங்க? நூறு அடிச்சவனுக்குத்தானே? பேட்டைத் தூக்குனாத்தான்டா பேரு!”

பையன் முகம் தொங்கிவிட்டது. ஊர் வம்பு நமக்கெதற்கு என்று இருந்திருக்கலாம். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் பி.காம். படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“அண்ணே, 2008-ல சேப்பாக்கத்துல தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா சேவாக் எவ்வளவு அடிச்சார்?”

“319!” பட்டென்று வந்தது பதில்.

“மேட்ச்?”

யோசித்தார். “டிரா.”

“அதே சேப்பாக்கம், 2016 டிசம்பர். இங்கிலாந்துக்கு எதிரா கருண் நாயர் 303 நாட் அவுட். அதுல நாம இன்னிங்ஸ் வித்தியாசத்துல ஜெயிச்சோம். எப்படி?”

“303 அடிச்சா ஜெயிக்காம?”

“319 அடிச்சும் ஜெயிக்கலையேண்ணே! கடைசி நாள் ஜடேஜா 48 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். அதான் வித்தியாசம். 303 உங்களுக்கு ஞாபகம் இருக்கு. அந்த 7?”

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. டெஸ்டில் டிக்ளேர் சமாசாரத்தை விட்டுவிட்டால், ஜெயிக்க 20 விக்கெட் எடுத்தாக வேண்டும். ரன் எவ்வளவு குவித்தாலும் அது பேங்க் டெபாசிட். விக்கெட்தான் கைக்கு வரும் பணம். சச்சினின் நூறாவது சதம் 2012-ல் மிர்பூரில் வந்தது. அன்றைக்கு வங்கதேசத்திடம் தோற்றோம். முரளிதரனின் 800-வது விக்கெட் 2010-ல் காலேயில், அவர் கடைசி டெஸ்டில் விழுந்தது. இலங்கை 10 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது.

எண்ணிக்கையும் அப்படித்தான். 2025 முடிய டெஸ்டில் 10,000 ரன்னைத் தாண்டியவர்கள் 15 பேர். 500 விக்கெட்டைத் தாண்டியவர்கள் 9 பேர். முச்சதம் 30-க்கும் மேல் அடித்தாகிவிட்டது. ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்? லேகர் (1956), கும்ப்ளே (1999), அஜாஸ் படேல் (2021). மூன்றே பேர்!

அப்பா லேசில் மடங்குகிற ஆள் இல்லை. “தம்பி, பேட்ஸ்மேன் ஒரு தப்புப் பண்ணா பெவிலியன். பவுலர் சிக்ஸர் குடுத்தாலும் அடுத்த பந்து இருக்குல்ல? தப்பே பண்ணாம நூறு அடிக்கிறது லேசா?”

நியாயமான கேள்வி. எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. ஜன்னலில் மாந்தோப்புகள் ஓடின. அவர் மடியில் இருந்த பை கண்ணில் பட்டது.

“அண்ணே, பேட்ஸ்மேன் பூட்டு. திறக்காம நிக்கிறதுதான் அவன் பெருமை. பவுலர் அதைத் திறக்கிறவன்... அதுவும் சாவி இல்லாம! உங்க பட்டறையில எது பெரிய வித்தை?”

அவர் சிரித்துவிட்டார். “சாவியில்லாமத் திறக்கிறவன் கையில குடுத்துப் பாத்தாத்தான் தம்பி பூட்டோட தரமே தெரியும்.” பிறகு அவராகவே சொன்னார்: “ஆனா திண்டுக்கல் பூட்டுன்னுதான் ஊரு சொல்லுது. திண்டுக்கல் சாவின்னு எவன் சொல்றான்?”

பையன் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவைத் திறந்து ‘பவுலர்’ கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டான்.

அப்பா எட்டிப் பார்த்தார். “சரி, போடு. அப்படியே பேட்ஸ்மேன்லயும் ஒண்ணு போட்டு வை. 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வின், 2024-ல நம்ம டிராகன்ஸுக்குக் கப்பு வாங்கிக் குடுத்தாரே, ஃபைனல்ல எதுல? 52 ரன் அடிச்சுல்ல!”

நத்தம் வந்துவிட்டது. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. (வாயிலும் பதில் இல்லை!)