கட்டையன் பின்வரிசையில் நின்ற வருஷம்

சர்வீஸ் போடும் அணிக்குத்தான் பாயின்ட் என்றிருந்த கால வாலிபால் இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. எதிராளியின் சர்வீஸில் நாம் ஜெயித்தால் சர்வீஸ் மட்டும்தான் கைக்கு வரும். 15-ஐ எட்டுவதற்குள் டியூப்லைட்டைச் சுற்றும் பூச்சிக்கே சலித்துவிடும். பொங்கலை ஒட்டி சாத்தான்குளம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் அப்படியொரு ராத்திரி ஆட்டம் நடக்கும்.

1989-ல் பாளையங்கோட்டையில் நான் படித்த கல்லூரி அணியில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள்: நாசரேத், உடன்குடி, காயாமொழி. காயாமொழிக்காரனுக்கு ஒரு மிதப்பு வேறு. ஆதித்தனார் குடும்பத்தின் சொந்த ஊர். சிவந்தி ஆதித்தன் அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர். எங்களுக்கெல்லாம் ஜிம்மி ஜார்ஜ் பைத்தியம். 1986 சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற அணியில் ஆடியவர், மறு வருஷமே இத்தாலியில் கார் விபத்தில் போய்விட்டார். ஆளாளுக்கு அவர் மாதிரி எம்பி அடிக்க ஆசை. பந்தை எடுத்துக் கொடுக்க ஒருத்தனும் இல்லை.

அந்த ஜூலையில்தான் புதுக் கோச் வந்தார். பாட்டியாலாவில் பயிற்சி பெற்றவர், தஞ்சாவூர்ப் பக்கம். நாங்கள் ‘ஏல, வால’ என்று கத்திக்கொண்டிருக்க, அவர் “தம்பி, கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க” என்பார். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக வந்தது. நெட்டை அவிழ்த்து அறையில் வைத்துப் பூட்டியதும் சிரிப்பு நின்றது. ஆடி முடியும்வரை சுவர், பந்து, முன்னங்கை, அவ்வளவுதான். மணிக்கட்டுக்கு மேல் தோல் தடித்து, ராத்திரி சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்க முடியாது. ஸ்மாஷ் அடிக்கிறவர்களில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு கபடிக்குப் போனார்கள். போனது நல்லது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோச் எங்கள் ஊருக்கு வந்தார். தேரிக்காட்டுச் செம்மணலில் கணுக்கால் புதைய நடந்தார். பனைநார்க் கயிற்றை எல்லைக்கோடாகக் கட்டி, வெறுங்காலோடு ஆடிய சின்னப் பையன்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மணலில் ஓடி வளர்ந்தவன் கெட்டித் தரையில் எம்பத்தானே செய்வான். அந்த இடம் இப்போது மனைகளாகி, கல் நட்டுக் கிடக்கிறது.

கட்டையன் எங்கள் தெரு. ஊர் ஆட்டத்தில் ஸ்கோர் சொல்வான்; கல்லூரியிலும் பந்து பொறுக்கத்தான் வந்தான். பந்து வந்து சேருமுன் அவன் அங்கே இருப்பதைக் கோச் கவனித்துவிட்டார். ஆனால் சர்வீஸ் நமக்கு மாறும்போதெல்லாம் ஆறு பேரும் ஓரிடம் சுற்றியாக வேண்டும். பின்வரிசையில் புலி, முன்வரிசைக்கு வந்தால் 2.43 மீட்டர் நெட்டுக்கு மேல் விரல்கூடத் தெரியாது. மாற்றாள் இறக்கலாம், ஆனால் வெளியே போனவன் அந்த செட்டில் ஒரே ஒரு முறைதான் திரும்பி வரலாம். அந்த ஒரு முறையை எப்போது செலவழிப்பது? கோச் நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஸ்கோர் 10-ஐத் தாண்டி ஆட்டம் இறுகும்போதுதான் அவனை மறுபடி உள்ளே விடுவார். அப்படியே ஒவ்வொரு அணியாகத் தாண்டினோம்.

அப்போது எங்கள் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. மறு வருஷம்தான் நெல்லைக்கு மனோன்மணியம் சுந்தரனார் வந்தது. மதுரையில் அரையிறுதி. எத்தனை சர்வீஸ் மாறியும் ஸ்கோர் நகரவில்லை. ஆட்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். சுற்றிச் சுற்றிக் கட்டையன் முன்வரிசைக்கு வந்து மாட்டிக்கொண்டான். அவன் தலைக்கு மேலேயே மூன்று பந்தை இறக்கி முடித்துவிட்டார்கள். கோச் அவனை ஒன்றும் சொல்லவில்லை. வருஷக் கடைசியில் அவர் வேலையும் முடிந்தது, தற்காலிகப் பணிதானே.

1998-ல் உலக வாலிபாலில் ‘லிபரோ’ வந்தது. வேறு நிறச் சட்டை, பின்வரிசை மட்டும், போக வர கணக்கே கிடையாது. கட்டையனுக்கென்றே எழுதிய விதி. கையோடு பழைய பாயின்ட் முறையையும் தூக்கிவிட்டார்கள்; டி.வி.க்காரர்களுக்கு அது வசதி, எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு திசையன்விளையில் அவன் கடைக்குப் போனேன். படித்துவிட்டு, “பின்னால நின்னிருந்தா மூணையும் எடுத்திருப்பேம்லா” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டாவது பந்து அவுட்டு. லைன்ல நின்னவன் மதுரைக்காரன்ல” என்றான். அதை வைத்து அன்று கடை அடைக்கும்வரை சண்டை போட்டோம்.