எண்ணெய் பார்த்தல்

பழைய மோட்டார் சைக்கிளொன்றிற்கு எண்ணெய் பார்ப்பது தமிழ்ச் சங்க ஏட்டில் எழுதத்தக்க பொருளா என வாசகருட் சிலர் ஐயுறலாம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதனை எவரும் எண்ணெய் என்பதில்லை. ‘ஒயில்’ என்றே கூறுவர். ஒயில் என்னுஞ் சொல்லுக்கு இலக்கியத்தில் அழகென்றும் ஒய்யாரமென்றும் பொருள் கற்ற கலைப்பீட மாணவன் நான். குருவிட்ட நகரிலுள்ள ஒரு கராஜில், கரி படிந்த சாக்கின் மேற் குந்தியிருந்து அச்சொல்லின் மற்றைய பொருளைக் கற்க நேர்ந்த கதையையே இங்குக் கூறப்போகிறேன்.

குருவிட்ட, அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த சிறு நகரம். எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறுவோர் இங்கிருந்தே பிரிந்து செல்வர். 1912ஆம் ஆண்டில் இரத்தினபுரியை எட்டிய ஒடுங்கிய ரயிற்பாதை இவ்வூரையும் தொட்டே சென்றது. 1976இல் அச்சேவை நின்றது. பெருவீதியில் பஸ்களுக்குக் குறைவில்லை. ஆனால் வீதியிலிருந்து விலகி, றப்பர்க் காடுகளுக்கும் தேயிலை மலைகளுக்கும் இடையே கிடக்கும் லயங்களுக்கு முச்சக்கரவண்டி அல்லது மோட்டார் சைக்கிள்; இரண்டும் இல்லையேல் கால்நடை. எங்கள் லயத்திலிருந்து நகருக்கு ஏழு கிலோமீற்றர். அதில் மூன்று கிலோமீற்றர் ஏற்ற இறக்கமான கல்வீதி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்திலேயே அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், ஓடக்கூடிய பழைய வண்டிகள் யாவும் விலையேறின. அம்மாவின் சீட்டுப் பணமும் அப்பாவின் கைமாற்றுமாகச் சேர்ந்து 2021இல் எங்கள் வாசலுக்கு வந்தது சிவப்பு நிற ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானிலே தபால் பகிர்வதற்கென்று ஆக்கப்பட்ட வகை அது. 1958இல் தொடங்கி 2017இற் பத்துக் கோடியைத் தாண்டிய சுப்பர் கப் குடும்பத்தின் ஓர் உறுப்பு. இளமையில் எந்த ஜப்பானிய நகரின் கடிதங்களைச் சுமந்ததோ, முதுமையில் எங்கள் அரிசி மூட்டையையும் அம்மாவின் கிளினிக் கொப்பியையும் சுமக்க வந்தது.

வாங்கியபோதே அது எண்ணெய் குடித்தது. காலையில் உதைத்துக் கிளப்பும்போது நீலப்புகை ஒருமுறை எழுந்து அடங்கும். கரும்புகை பெற்றோல் மிகுதியாக எரிவதைக் குறிக்கும். நீலப்புகையோ எண்ணெய் எரிவதைக் குறிக்கும். கிளப்பும்போது மட்டும் அது தோன்றின் வால்வுத் தண்டின் சீல் தேய்ந்திருக்கக்கூடும். ஏற்றத்தில் இழுக்கும்போதும் தோன்றின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தன. வயதான இயந்திரம் எண்ணெய் குடிப்பது பெருங்குற்றமன்று. குடித்ததை அறியாதிருப்பதே குற்றம். எரிந்துபோகும் எண்ணெய் நிலத்திற் சொட்டுவதில்லை. இவ்வண்டியில் எண்ணெய் குறைந்ததென எச்சரிக்கும் விளக்குமில்லை.

எண்ணெய் பார்க்கும் வேலை என்னுடையதாயிற்று. வீட்டிற் படித்தவன் நானல்லவா! இயந்திரத்தின் வலப்பக்கத்தில் மரையுடன் கூடிய மூடியொன்று உண்டு. அதனடியில் ஒரு குட்டைக் கோல். கோலின் நுனியில் இரு கோடுகள். மேற்கோடு நிறைவு, கீழ்க்கோடு எல்லை. இரண்டிற்கும் இடையே விரற்கடையளவு தூரந்தான். நான் கிழமைக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிக் கோலைத் துணியால் துடைத்து, மீண்டும் உட்செலுத்தி, நன்றாகத் திருகி இறுக்கி, பின் கழற்றிப் பார்ப்பேன். எண்ணெய் எப்போதும் கோடுகளுக்கிடையே நின்றது. வண்டி பழையதாயினும் நல்ல வண்டி என்று அப்பாவிடம் பெருமையாகக் கூறுவேன்.

2022ஆம் ஆண்டு நாட்டை உலுப்பிய விதத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் எனப் பங்கிட்டனர். பெற்றோலைத் துளித்துளியாகக் கணக்கிட்டோம். தாங்கியைக் குலுக்கி ஓசை கேட்டோம். இறக்கங்களில் இயந்திரத்தை நிறுத்தி உருளவிட்டோம். ஒயிலுக்கு எவரும் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் அதன் விலையும் ஏறியிருந்தது. 2021இல் ஆயிரம் ரூபாவென நிர்ணயிக்கப்பட்ட தோட்ட நாட்கூலியைக் கொண்டு ஒரு லீற்றர் நல்ல ஒயில் வாங்க இயலாதிருந்தது. கோலில்தான் எண்ணெய் நிற்கிறதே என்று மாற்றவேண்டிய தவணையையும் தள்ளிப்போட்டோம்.

செப்டெம்பரில் ஒருநாள் அம்மாவைக் கிளினிக்கிலிருந்து ஏற்றிவந்தேன். கல்வீதியின் கடைசி ஏற்றத்தில் இயந்திரத்தின் ஓசை மாறிற்று. உலோகத்தை உலோகம் உரசுவது போன்ற கீச்சொலி. நான் இன்னும் முறுக்கினேன். பின்சில்லு திடீரென இறுகி மண்ணை உழுதது. நாங்கள் இருவரும் தேயிலைக் கரையோரம் சரிந்தோம். அம்மாவின் முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கையில் அவர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அப்பா வண்டியை வாடகை லொறியில் ஏற்றிக் கராஜிற்குக் கொண்டுசென்றார். முன்பு வால்வு சரிசெய்தவர் அந்தப் பாஸ் என்பதால் அவரோடு கடுமையாகச் சண்டையிட்டார். ‘என் மகன் கிழமைக்குக் கிழமை ஒயில் பார்க்கிறவன், ஒயிலில் குறையில்லை, உன் வேலையிலேதான் குறை’ என்றார். பாஸ் மறுமொழி கூறாது அடியிலுள்ள வடிதிருகைக் கழற்றினார். ஒரு லீற்றரளவு வரவேண்டிய இடத்தில், சிறு தேநீர்க் கோப்பையை நிரப்பவும் போதாத கருங்குழம்பே வடிந்தது.

‘மல்லி, நீ எப்படிப் பார்ப்பாய்? காட்டு’ என்றார் என்னிடம். நான் செய்து காட்டினேன். கோலைத் திருகி இறுக்கியதும் அவர் என் கையைப் பிடித்தார். ‘திருகாதே. வைத்துப் பார்.’ அவ்வளவே சொன்னார்.

இவ்வண்டியிற் கோலை மரையில் ஏற்றாது, துளையின் விளிம்பிலே மூடி தங்கும்படி வைத்தே அளக்கவேண்டும். கோடுகள் அக்கணக்கிற்கே வெட்டப்பட்டவை. திருகினால் மரையின் ஆழத்தளவுக்குக் கோல் மேலும் கீழிறங்கும். ஆகவே கீழ்க்கோட்டுக்கும் கீழே தாழ்ந்துவிட்ட எண்ணெய் நிறைந்திருப்பதுபோல் தோற்றமளிக்கும். திருகியே அளக்கவேண்டிய வண்டிகளும் உள. அந்தந்த வண்டியின் கைந்நூல் கூறுவதே முறை. எங்கள் வண்டிக்குக் கைந்நூல் இருந்ததில்லை. இருந்திருப்பின் ஜப்பானிய மொழியில் இருந்திருக்கும்.

ஓர் உண்மையை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா சண்டையிட்டுக்கொண்டிருந்தபோதே, கோப்பையில் வடிந்ததைக் கண்ட கணத்திலேயே, பிழை என்னுடையது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. பிஸ்டன், சிலிண்டர் துளைத்தல், தலைப்பகுதியிலுள்ள கேம் தண்டு என நீண்ட அந்தச் செலவு, என் விடுதிக்கும் புத்தகத்திற்கும் ஒதுக்கிய பணத்தை விழுங்கிற்று. அப்பா அதனையும் பாஸின் கணக்கிலேயே எழுதினார்.

கேம் தண்டு கெட்டதன் காரணத்தைப் பின்னரே விளங்கிக்கொண்டேன். இத்தகைய இயந்திரத்தில் அத்தண்டு சிலிண்டரின் தலையிலே சுழல்வது. எண்ணெய்ப் பம்பு அனுப்பும் எண்ணெய் கடைசியாகச் சென்றடையும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஆதலின் பஞ்சம் வரும்போது முதலிற் பட்டினி கிடப்பதும் அதுவே. மட்டம் தாழ்ந்தபின் செங்குத்தான ஏற்றத்தில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சும். தவிர, இவ்வண்டியில் இயந்திரத்திற்கும் கியர்ப் பெட்டிக்கும் கிளச்சுக்கும் அந்த ஒரே எண்ணெய்தான். காற்றாற் குளிரும் இயந்திரமாதலின் வெப்பத்தை அகற்றுவதிலும் அதற்குப் பங்குண்டு. கார்களுக்கான எண்ணெய் மலிவாகக் கிடைத்தாலும் அதில் வழுக்கலை மிகுவிக்கும் சேர்வைகள் இருக்கக்கூடும். எண்ணெயில் தோய்ந்த கிளச்சு அதனால் நழுவும். அதற்கெனவே ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் குறியீடு போத்தலிற் பொறிக்கப்படுகிறது.

மனிதர் எண்ணெய் பாரார் என்பதை வண்டி செய்வோரும் அறிவர். 1970களின் நடுப்பகுதியில் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சி.ஜி. 125, வளர்முக நாடுகளிற் பராமரிப்பின்றி ஓட்டப்படும் நிலையைக் கருதியே, தலையிற் கேம் தண்டு வைக்காது, கீழிருந்து தண்டுகளால் வால்வுகளைத் தள்ளும் பழைய முறைக்குத் திரும்பி ஆக்கப்பட்டது. பாராதவனுக்காக ஓர் இயந்திரம் செய்தனர். பிழையாகப் பார்த்துவிட்டு நிம்மதியாக உறங்குபவனுக்கு என்ன செய்வது?

என் மௌனத்தை உடைத்தவர் அம்மாதான். அவர் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பால் வெட்டுபவர். நாள்தோறும் வாளியோடு வரிசையில் நின்று தம் பாலை அளக்கக் கொடுப்பவர். றப்பர்ப் பாலில் எவ்வளவு றப்பர் உள்ளதென அறிய மெட்ரோலாக் என்னும் மிதவைக்கோலை இடுவர். பாலை நீர் சேர்த்துக் கலக்கி, நுரையை வழித்து, கோல் அசையாது நின்றபின் எண்ணைப் படிக்கவேண்டும். படிப்பவரின் அவசரமும் கவனமும் அம்மாவின் கூலியிற் போய் விழும். கண்ணாற் கண்டும் கேட்கமுடியாத நாட்கள் அவருக்குப் பல இருந்திருக்கின்றன.

நான் நடந்ததைக் கூறியபோது அவர் கோபிக்கவில்லை. ‘நொர அடங்குறதுக்கு முந்திப் பாத்தாலே கணக்குப் பெசகிப் போகும், தம்பி. நீ கோலையே அமுக்கிப் பாத்திருக்க’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘அப்பாக்கிட்டச் சொல்லிரு. அந்த மனுசன் அங்க போயிப் பேசினது தப்பு’ என்றார்.

சொன்னேன். அப்பா அன்று உணவருந்தவில்லை. அடுத்த ஞாயிறு என்னையும் அழைத்துக்கொண்டு கராஜிற்குச் சென்றார். கையில் ஒரு சீப்பு ஆனைவாழைப்பழம். பாஸ் பழத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, வண்டி எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்டார். தேய்ந்த வண்டிக்கு ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றச் சொன்னார். மழைக்காலத்தில் அதன் நிறத்தையும் பார்க்கச் சொன்னார். ஆண்டில் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரிப் பக்கத்தில் அது வீண் அறிவுரையன்று. நீர் புகுந்த எண்ணெய் பால்போல் வெளிறும். அப்போது மட்டம் உயர்ந்துங்கூடக் காட்டும்.

இப்போது எண்ணெய் பார்ப்பது அப்பா. வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்துவார். பக்கத்தாங்கியில் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் வலப்பக்கக் கோலில் எண்ணெய் குறைவாகத் தோன்றும், அதை நம்பி மிகையாக ஊற்றினால் அது மூச்சுக்குழாய் வழியே காற்று வடிகட்டிக்குட் புகும். இரண்டு மூன்று நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்துவார். பின் ஒரு பீடி தீரும்வரை காத்திருப்பார். மேலேறிய எண்ணெய் கீழிறங்க அந்நேரம் போதுமானது. சென்ற விடுமுறையின்போது, துடைத்த கோலை என் கையிலே தந்து, ‘நீயே வையி’ என்றார். வைத்தேன். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கு மயிரிழை மேலே நின்றது. அடுப்படி மூலையில் இருந்த போத்தலில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மீதியிருந்தது. அம்மா அதனை எடுத்துவந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் துடைத்து வைத்துப் பார்த்தோம். மும்முறை ஊற்றவேண்டியிருந்தது.