செருப்பில்லாத தோழன்

கோடை விடுமுறையில் பங்கு இல்லம் வெறிச்சோடிவிடும். நண்பகலில் பழைய தபால்தலைகளை நீரில் ஊறவைத்துப் பிரித்துக் கொண்டிருப்பேன். மூன்று மணிக்கு வீரனோடு உலாவப் புறப்படுவேன்.

சென்ற மே மாதத்தில் ஒருநாள் அது நடுவழியில் அமர்ந்துவிட்டது. பிடிவாதமென்று எண்ணிச் சங்கிலியை இழுத்தேன். எதிரே வந்த கோயிற்பிள்ளை, “சாமி, உங்களுக்குச் செருப்பு இருக்கிறது, அதற்கு?” என்றார்.

தார்ச்சாலையில் புறங்கையை வைத்தேன். ஐந்து எண்ணுமுன் எடுத்துவிட்டேன். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதங்களில்தான். நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணிக்கிறது. குருமடத்தில் தத்துவம் பயின்றவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை. பாதங்களில் கொப்புளங்கள். தூக்கிக்கொண்டே வீடு திரும்பினேன்.

இப்போது விடியற்காலையில், திருப்பலிக்கு முன்னரே உலாவுகிறோம். சங்கிலியைக் கண்டதும் வீரன் வாலாட்டிக்கொண்டு முந்தி ஓடிவருகிறது. நான்தான் சற்றுத் தயங்குகிறேன்.