மெல்வ் சாலையில் நடந்து பார்த்தபோது

‘டிராகன்ஸ் டோக்மா 2’ பற்றி என் காதுக்கு இரண்டு சேதிகள் வந்தன. இரண்டும் ஒரே விளையாட்டைப் பற்றியவை என்று நம்புவதே கடினமாக இருந்தது. விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 80-ஐத் தாண்டியிருந்தது. 2024 மார்ச் 22 அன்று விளையாட்டு கடைக்கு வந்ததும், ஸ்டீம் தளத்தில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள். “மாமா, அந்த கேம்ல ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குத் தாவணும்னா நிஜக் காசு குடுக்கணுமாம்” என்றான் அக்கா மகன். நீ பார்த்தாயா என்று கேட்டேன். “எல்லாரும் சொல்றாங்க” என்றான்.

எல்லாரும் சொல்வதை ஒரு பக்கம் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவனுடைய பிளேஸ்டேஷன் 5 முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு நோட்டு, கைக்கடிகாரம், ஒரு சொம்பு தண்ணீர். மெல்வ் என்ற கிராமத்திலிருந்து தலைநகரமான வெர்ன்வொர்த்துக்கு மாட்டுவண்டியில் போவது, திரும்பி வரும்போது அதே வழியில் நடந்து வருவது. திட்டம் அவ்வளவுதான். இந்த விளையாட்டை இயக்கிய ஹிதேயாகி இட்சுனோ, வெளியீட்டுக்கு முன் கொடுத்த பேட்டி ஒன்றில், பயணம் அலுப்பூட்டுகிறது என்றால் விளையாட்டுதான் அலுப்பூட்டுகிறது என்ற பொருளில் பேசியிருந்தார். வழிநடையை நம்பி ஒருவர் இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டியிருக்கிறார் என்றால், அதை நடந்துதானே சோதிக்க வேண்டும்?

மெல்வ் சின்ன ஊர். டிராகனின் தீயில் கருகிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஊர் எல்லையில் வண்டி நிற்கும் இடம். கூலி சொற்பம்தான். பலகையில் ஏறி உட்கார்ந்ததும் திரையில் ஒரு வழி காட்டப்படுகிறது: கண்ணை மூடித் தூங்கலாம். தூங்கினால் சில நொடிகளில் ஊர் வந்துவிடும். நான் தூங்கவில்லை. மாடு அடிமேல் அடி வைத்து நடந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. வண்டியோடு நடந்துவந்த காவல்காரன் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். நானும் பார்த்தேன். பாதி வழியில் புதருக்குள்ளிருந்து காப்ளின்கள், பச்சைத்தோல் குள்ளப் பூதங்கள், ஏழெட்டுப் பேராகப் பாய்ந்தன. இறங்கிச் சண்டை போட்டோம். வண்டி உடைந்தால் மிச்ச தூரம் நடைதான் என்பதால் முதலில் வண்டியைச் சுற்றி நின்றவற்றை விரட்டினேன். காவல்காரன் கீழே விழுந்து எழுந்தான். மாடு மறுபடி நடக்கத் தொடங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. தூங்கியிருந்தாலும் இந்தச் சத்தத்தில்தான் விழித்திருப்பேன். இங்கே வண்டிச் சவாரியும் சாலையின் ஒரு பகுதி, சாலையைத் தாவிப் போகும் வழியாக அதை அமைக்கவில்லை.

வெர்ன்வொர்த்தின் கோட்டை வாசலில் இறங்கினேன். கல் பாவிய தெரு, இருபுறமும் மாடி வீடுகள், தூரத்தில் அரண்மனை. ஆட்களைப் பார்க்கத்தான் இங்கே வந்தேன். இந்த நகரத்தைப் பற்றித்தான் பெரிய புகார்: கணினியில் விளையாடியவர்களுக்கு, எவ்வளவு விலை உயர்ந்த கருவியாக இருந்தாலும், நகருக்குள் நுழைந்ததும் காட்சியின் வேகம் சரிந்தது. தயாரிப்பாளரான கேப்காம் அதற்குக் காரணத்தையும் சொன்னது. ஒவ்வொரு கதாபாத்திரத்தின் இருப்பையும் அது சுற்றுப்புறத்தில் உண்டாக்கும் விளைவையும் கணக்கிட மையச் செயலி நிறைய உழைக்கிறது; கூட்டம் சேர்ந்தால் பளு கூடுகிறது. நகர மக்களை வெட்டிச் சாய்த்தால் வேகம் கூடுகிறதா என்று சோதித்துப் பார்த்த விளையாட்டுக்காரர்களும் உண்டு.

சந்தைத் தெருவின் ஓரத்தில் நின்று அந்தக் காரணத்தைக் கண்ணால் தேடினேன். ஐந்து நிமிடத்தில் என்னைக் கடந்து போனவர்கள் நாற்பதுக்கும் மேல். ஒரு காவலனைப் பின்தொடர்ந்தேன். அவன் எங்கோ போகிறான், நின்று திரும்புகிறான், எதிரே வந்தவர் மேல் நான் இடித்தால் அவர் தடுமாறுகிறார், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். பல விளையாட்டுகளில் கூட்டம் என்பது சுவரில் வரைந்த படம் மாதிரி, தொட முடியாது. இங்கே ஒவ்வொருவரையும் தொடலாம், தூக்கலாம், தள்ளலாம். அதற்கான விலையைத்தான் கணினி கொடுக்கிறது. நகரம் உயிரோடு இருக்கிறது என்று எழுதிய விமர்சகரும் நகரம் திணறுகிறது என்று எழுதிய வாசகரும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகளைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் எந்தக் கருவியில், எந்தத் தேதியில் பார்த்தேன் என்று முதல் வரியிலேயே சொல்லும் விமர்சனங்கள் குறைவு. வெளியீட்டின்போது எழுபது டாலர் கொடுத்து வாங்கியவருக்கு முதலில் தெரிந்திருக்கவேண்டியது அதுதான்.

அடுத்து கடை. வெர்ன்வொர்த்தில் பில்பர்ட் என்பவரின் பலசரக்குக் கடையில் ஃபெர்ரிஸ்டோன் விற்கிறார்கள். அந்தக் கல் இருந்தால்தான் தாவிப் போக முடியும். ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். விலை 10,000 பொற்காசு. அதே பணத்தை வைத்து நல்ல வாளுக்கோ கவசத்துக்கோ பாதி வழி போய்விடலாம். அப்போது என் பையில் இருந்தது 6,000 சொச்சம். கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி அந்த விலையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தாவுவதைத் தடை செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் யோசிக்க வைக்கிறார்கள்.

இப்போது அக்கா மகன் சொன்ன சேதியைச் சரிபார்க்க வேண்டும். விளையாட்டை விட்டு வெளியே வந்து பிளேஸ்டேஷனின் கடைப்பக்கத்தைத் திறந்தேன். வரிசையாகச் சில்லறைப் பொருட்கள். இறந்தவரை எழுப்பும் வேக்ஸ்டோன். முகத்தையும் உடலையும் மாற்றிக்கொள்ள உதவும் புத்தகம். கூலித்துணைகளை அமர்த்த உதவும் ரிஃப்ட் கிரிஸ்டல்கள். போர்ட்கிரிஸ்டல் ஒன்று, அமெரிக்க விலை 2.99 டாலர். மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேடினேன். ஃபெர்ரிஸ்டோன் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

“அப்ப காசுக்குத் தாவறதுன்னு சொன்னது?” என்று அவன் கேட்டான். போர்ட்கிரிஸ்டல் என்பது தாவிப்போய் இறங்கும் இடத்தில் நடும் கல். வெர்ன்வொர்த்தில் அது நிலையாகவே ஒன்று நிற்கிறது. வேறு இடத்தில் இறங்க வேண்டுமானால் நாமே ஒன்றை நடலாம். நடும் கல்லைப் பிளேஸ்டேஷன் கடையில் நிஜக் காசுக்கு வாங்கலாம். தாவும் கல்லை அப்படி வாங்க முடியாது. இந்தப் பொருட்கள் விளையாட்டுக்குள்ளேயும் கிடைக்கும் என்று கேப்காம் வெளியீட்டு நாளிலேயே அறிவித்திருந்தது. மார்ச் மாதத்து ஆத்திரத்தில் இந்த இரண்டு கற்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

ஆனாலும் அந்த ஆத்திரம் முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன். முன்கூட்டியே விளையாடி எழுதிய விமர்சகர்கள் பலரின் கண்ணில் இந்தக் கடை படவேயில்லை. விளையாட்டு வெளிவந்த நாளில்தான் அது திறந்தது. நடப்பது கஷ்டமாக இருக்கவேண்டும் என்று கட்டிய ஓர் உலகத்தின் வாசலில், கஷ்டத்தைக் குறைக்கும் பொருளை நிஜப் பணத்துக்கு விற்றால், அந்தக் கஷ்டம் எதற்காக என்று வாங்கியவர் கேட்கத்தான் செய்வார். புதிதாக முதலிலிருந்து தொடங்குவதற்கான வழியும் அன்று மெனுவில் இல்லை. சில நாள் கழித்து வந்த திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். விமர்சகர் சாலையை மதிப்பிட்டார், வாங்கியவர் வாசலை மதிப்பிட்டார். இரண்டையும் ஒரே ஆள் பார்த்து எழுதியிருந்தால் மார்ச் மாதம் இவ்வளவு குழப்பம் நடந்திருக்காது.

மாலை ஏழு மணி. விளையாட்டுக்குள்ளே பிற்பகல். நடக்கத் தொடங்கினேன். “மாமா, வண்டிலயே போயிருங்க. ராத்திரி ஆயிரும்” என்றான் அவன். என்னோடு மூன்று துணைகள். அவர்களுக்குப் பான் என்று பெயர். ஒருத்தி நானே உருவாக்கியவள். மற்ற இருவர் உலகின் எங்கோ இருக்கும் வேறு விளையாட்டுக்காரர்கள் உருவாக்கியவர்கள், இரவல் வந்திருக்கிறார்கள்.

முதல் பத்து நிமிடம் சுகமான நடை. புல் காற்றில் சாய்கிறது, வெயில் கல்லில் விழுகிறது. பிறகு காப்ளின்கள். பிறகு ஓநாய்கள். ஆற்றோரம் சண்டை போட்டபோது ஒரு காப்ளின் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. சிவப்பாக ஏதோ கொடிகள் போல மேலே வந்து சுற்றி இழுத்துக்கொண்டன. ஆழத்தில் இறங்கினால் எனக்கும் அதே கதிதான். இந்த உலகத்தில் நீந்த முடியாது என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல் அந்தக் காட்சி சொல்லிவிட்டது.

ஒவ்வொரு அடி விழும்போதும் உயிர்க்கோட்டின் நுனியில் சாம்பல் நிறம் கொஞ்சம் ஏறுகிறது. சாதாரண மருந்து தின்றாலும் அந்தச் சாம்பல் பகுதி நிரம்பாது. சத்திரத்திலோ கூடாரத்திலோ படுத்து எழுந்தால் மீளும். முதல் சண்டையில் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. நாலாவது சண்டையில், கோட்டின் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகிக் கிடந்தபோது, நடையே மாறிவிட்டது. தூரத்தில் புகை தெரிந்தால் சுற்றிப் போகிறேன். பெட்டி தெரிந்தால் போகலாமா வேண்டாமா என்று நிற்கிறேன். அலுப்பு என்று சிலர் எழுதியது இதைத்தான் என்றால், எனக்கு அது அலுப்பாகப் படவில்லை. வெயிலில் நெடுந்தூரம் நடந்தவனுக்குத் திண்ணை எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அந்த மாதிரி எனக்கு ஒரு கணப்பு தேவைப்பட்டது.

அதற்கு முன்னால் ஒற்றைக்கண் பூதம் வந்துவிட்டது. கால்கள் மரம் மாதிரி. தொடையைப் பிடித்து ஏறினேன், முதுகு, தோள். தெம்பு தீர்ந்தால் கை நழுவும் என்பதால் மூச்சை எண்ணிக்கொண்டே ஏற வேண்டும். கீழே இருந்து என் பெண் பான் காலை வெட்ட, அது சாய்ந்தது. அதன் எடை முழுக்கத் தரையில் இறங்குவது கைப்பிடியின் அதிர்வில் தெரிந்தது. கண்ணில் குத்தினேன். அந்தச் சண்டை ஒன்பது நிமிடம். நோட்டில் எழுதும்போது கை நடுங்கியது நிஜம்.

இருட்டிவிட்டது. இங்கே ராத்திரி உண்மையாகவே ராத்திரி. இடுப்பு விளக்கின் வட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. விளக்குக்கு எண்ணெய் வேண்டும். என்னிடம் ஒரே ஒரு குப்பி. சத்தத்தை வைத்து நடந்தேன். எலும்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு ஓரமாகப் போனேன். ஒருவழியாக அணைந்துபோன கணப்பு ஒன்றைக் கண்டுபிடித்துக் கூடாரம் போட்டேன். இறைச்சி சுட்டேன். அப்போது திரையில் வருவது வரைந்த படம் கிடையாது, நிஜமான இறைச்சியை நிஜமான தீயில் சுட்டு எடுத்த காட்சி. கொழுப்பு உருகிச் சொட்டுகிறது, சீறுகிறது. பக்கத்தில் இருந்த அக்கா மகனுக்குப் பசித்துவிட்டது. எழுந்து அடுக்களைக்குப் போனான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரே சாலையில் பதினோரு சண்டைகள். அதில் ஏழு காப்ளின்களோடு. ஒரே முகம், ஒரே கத்தல். உலகம் பெரிதான அளவுக்கு எதிரிகளின் வகை பெருகவில்லை. பான்களும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஏணி ஒன்றைப் பற்றி மட்டும் மூன்று முறை கேட்டேன். இவ்வளவு கவனமாகச் செய்த சாலையில் இந்த ஓட்டை கண்ணை உறுத்துகிறது.

காலை வெளிச்சம் வந்தபோது ஒரு பிரிவில் வழி தெரியாமல் நின்றேன். இரவல் வந்த பான் ஒருவன் முன்னால் வந்தான். தன் எஜமானரோடு இந்தப் பக்கம் வந்திருப்பதாகவும் ஒரு பெட்டி இருக்கும் இடம் தெரியும் என்றும் சொன்னான். வா என்றதும் முன்னால் நடந்தான். பாறையை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை, பெரிய சாலையிலிருந்து கண்ணுக்கே தெரியாதது. முடிவில் பெட்டி இருந்தது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் நடந்த நடை, அவர் துணையின் கால் வழியாக என்னை அங்கே கொண்டு சேர்த்திருக்கிறது. மதிப்பெண்களில் எனக்குக் கிடைக்காத ஒன்று அந்தப் பாதையில் கிடைத்தது: நான் போயிருக்கிறேன், இங்கே இது இருக்கிறது, வா காட்டுகிறேன் என்று சொல்லி முன்னால் நடக்கும் ஆள்.

மெல்வ் வந்து சேர்ந்தபோது கைக்கடிகாரத்தில் நடை மட்டும் ஒரு மணி ஐம்பது நிமிடம். வண்டியில், சண்டையையும் சேர்த்து, பதினெட்டு. அந்தப் பானை அவனுடைய எஜமானரிடம் திருப்பி அனுப்பும்போது ஏதாவது பரிசு கொடுத்து அனுப்பலாம். கடைசியாக மிச்சமிருந்த, விளக்குக்கான எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தேன். அவருக்கும் ராத்திரி வரும்.