ஒரு ஸ்வரத்தின் வழக்கு

"மன்னார்புரமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார் ரெயிலில் உடன் வந்த நண்பர். நியாயமான கேள்விதான். திருச்சி என்றால் மலைக்கோட்டை, காவேரி, ஸ்ரீரங்கம். மன்னார்புரம் என்றால் பஸ்களும் லாரிகளும் நாலா பக்கமும் பிரிந்து ஓடும் சந்திப்பு, அவ்வளவுதான். ஆனால் அங்கே ஒரு மாடி வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அதைக் கேட்கத்தான் நான் போனேன்.

வாதி, எழுபத்தைந்து வயதுப் பாட்டி. பிரதிவாதி, பதினாலு வயதுப் பேத்தி. வழக்குக்குரிய சொத்து, பாட்டியின் தாயார் ஸ்ரீரங்கத்தில் இருந்தபோது எழுதி வைத்த பழைய நோட்டுப் புத்தகம்.

தியாகராஜ ஸ்வாமிகள் ஸ்ரீரங்கநாதர் மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளை ஸ்ரீரங்கப் பஞ்சரத்தினம் என்பார்கள். அவற்றில் ஒன்று, காம்போஜியில் அமைந்த 'ஓ ரங்கசாயீ'. நோட்டில் உள்ள சங்கதிகள் சில பேத்தியின் அச்சுப் புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் உள்ளவை சில நோட்டில் இல்லை.

"டீச்சர் புத்தகந்தான் சரின்னுட்டா, பாட்டி பாடறது தப்பாம்" என்றாள் பெண்.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. பூஜை அறையில்கூட அவர் வாய்விட்டுப் பாடி ஒரு மாதம் ஆகிறது என்று மருமகள் என்னிடம் தனியாகச் சொன்னாள். விஷயம் அத்தனை தூரம் போயிருந்தது!

தீர்ப்புக்கு உதவியவர் கீழ்வீட்டுப் பியானோ டீச்சர். எங்களை அழைத்து உட்கார வைத்து, ஒரு பக்கமே உள்ள சின்னஞ்சிறு உருப்படி ஒன்றை வாசித்தார். போலந்து நாட்டு மேதை ஷோபான் இயற்றி, 1839-இல் வெளிவந்த முன்னிசைகளில் ஒன்று அது.

"மூன்றாவது ஆவர்த்தத்தின் கடைசியைக் கவனியுங்கள்" என்று சொல்லி அதை இரண்டு விதமாக வாசித்தார். முதலில் அந்தர காந்தாரம். கார்மேகத்தில் வெயில் எட்டிப் பார்த்தது போல் இருந்தது. பிறகு சாதாரண காந்தாரம்; துக்கம் துக்கமாகவே நின்றது.

ஷோபானின் கையெழுத்துப் பிரதியிலும் முதல் அச்சுகளிலும் அந்த ஸ்வரத்தைத் தாழ்த்தும் குறி இல்லை. அவரிடம் படித்த ஜேன் ஸ்டெர்லிங் என்ற சீமாட்டியின் புத்தகத்திலோ பென்சிலால் அந்தக் குறி போடப்பட்டிருக்கிறது. பாரிஸ், லைப்ஸிக், லண்டன் என்று மூன்று ஊர்களில் அவர் இசை அச்சாயிற்று. ஊருக்கு ஊர் வித்தியாசம்! இன்றும் வாசிப்பவர்கள் இரு கட்சிதான்.

எழுதி அச்சிட்டுப் பரப்பிய இசைக்கே இந்தக் கதி என்றால், ஸ்வாமிகளின் பாட்டுக்கு என்ன ஆகும்? அவர் பாடினார், சிஷ்யர்கள் கேட்டுப் பாடம் செய்தார்கள், எழுதிக்கொண்டார்கள். 1847-இல் அவர் சித்தியடைந்தபின் வாலாஜாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று பாடாந்தரங்கள் கிளை விட்டன. வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் வழிவந்த ஏடுகள் மதுரை சௌராஷ்டிர சபையில் சேர்ந்தன. அதே வழியில் வந்த கீர்த்தனைகளைத்தான் சின்னசாமி முதலியார் என்ற சென்னைக்காரர் மேல்நாட்டு ஸ்வரக்குறியில் எழுதி, 1892 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். பியானோ டீச்சரே படிக்கக்கூடிய தியாகராஜர்! அந்தப் பணிக்கு அவர் செலவிட்டது சொந்தக் கைப்பணம்.

சங்கதி மட்டுமல்ல, ராகமே மாறுவதும் உண்டு. 'எந்த நேர்ச்சின' என்ற கீர்த்தனைக்குச் சில புத்தகங்களில் உதயரவிசந்திரிகா என்று போட்டிருக்கும். மேடையில் பெரும்பாலும் கேட்பதோ சுத்த தன்யாஸி.

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவேரிப் பாலம் தாண்டி, எல்லோரும் ஸ்ரீரங்கம் போனோம். 1987-இல் பூர்த்தியான ராஜகோபுரம், 236 அடி உயரம், வெகு தூரத்திலேயே வரவேற்றது. ஸ்வாமிகள் இங்கே வந்தபோது கூட்டத்தில் தரிசனம் கிட்டாமல் பாட, பெருமாளின் வாகனம் நகர மறுத்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். பிராகாரத்தில் ஒரு தூணருகே பாட்டி அந்தக் கதையைப் பேத்திக்குச் சொன்னார்.

பெண் சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "பாட்டி, உங்க அம்மா அந்தப் பல்லவியை எப்படிப் பாடுவா?" என்றாள்.

பாட்டி என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரல் முதலில் நடுங்கிற்று. இரண்டாவது சங்கதியில் நிலைத்தது.

பஸ்ஸில் திரும்பும்போது பெண் தன் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் அந்தச் சங்கதியை எழுதிக்கொண்டிருந்தாள். அச்சில் இருந்ததை அடிக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். பழைய பேப்பர்க்காரருக்குப் போடுமுன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். பாட்டி இருந்தால், பாடச் சொல்லிக் கேளுங்கள்.