படகோடு வரும் கடன்

வல்வெட்டித்துறையில் பிறந்து, இங்கிலாந்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கு சென்றிருந்தபோது என்னைச் சவுதாம்ப்டனுக்கு அழைத்துச் சென்றார். அமெரிக்காவில் கட்டப்பட்டு, பிரித்தானியாவுக்கு இறக்குமதி செய்யப்பட்ட பழைய பாய்மரப் படகொன்றை 40,000 பவுணுக்கு விலை பேசியிருந்தார். அவரது சேமிப்பில் பெரும்பகுதி அது.

“அண்ணை, எங்கட அன்னபூரணியை அமெரிக்கன் வாங்கினான். இப்ப அமெரிக்காவின்ர படகை நான் வாங்கப்போறன்” என்று சிரித்தார். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அக்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, எம்மவர்கள் அதைச் செலுத்திச் சென்று 1938இல் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்த கதை வடமராட்சியில் யாவரும் அறிந்தது.

நண்பர் இயந்திரத்தையும் பாய்களையும் சோதித்தார். செய்தியாளனாகிய எனக்குத் தெரிந்தது ஆவணங்களைப் பார்ப்பது மட்டுமே. கோப்பில் விற்பனை உறுதி ஒன்றும், சிறு கலங்கள் பதிவேட்டின் சான்றிதழ் ஒன்றும் இருந்தன.

அன்றிரவு இருவரும் விதிகளைப் படித்தோம். அச்சான்றிதழ் கலத்தின் நாட்டுரிமையைக் காட்டுமேயன்றி, உரிமையாளர் யாரென்பதை நிரூபிக்காது. உரிமையை நிரூபிக்கும் முதலாம் பகுதிப் பதிவேடு வேறு. அங்கு கலம் 64 பங்குகளாகக் கணக்கிடப்படும். அடைமானம் இருப்பின் அதுவும் பதியப்படும். ஆனால் எந்தப் பதிவும் வரி செலுத்தப்பட்டதற்குச் சான்றாகாது.

இறக்குமதியாகும் படகுக்குப் பெறுமதிசேர் வரி உண்டு. 2011 முதல் அது 20 சதவீதம். இறக்குமதிப் பெறுமதி 40,000 பவுண் எனில் வரி 8,000. அது செலுத்தப்பட்டதைச் சுங்கப் பத்திரமே காட்டும். செலுத்தப்படாத வரிக்காகப் படகையே சுங்கம் கைப்பற்றலாம். இன்று அது யார் கையில் இருக்கிறது என்பது பொருட்டன்று. 1998 ஜூன் 16க்குப் பின் ஐரோப்பியச் சந்தைக்கு வந்த உல்லாசப் படகாயின் தர விதிகளுக்கு இணங்கிய சான்றும் தேவை. அது இல்லையெனில், கட்டிமுடித்த படகைப் பின்னர் பரிசோதிப்பிக்கும் செலவு தனி.

மறுநாள் சுங்கப் பத்திரத்தைக் கேட்டோம். “முன்னைய உரிமையாளரிடம் இருக்கும்” என்றார் விற்பவர். முன்னையவர் யார், எங்கிருக்கிறார் என்பதற்குப் பதில் இல்லை. அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் எண்ணவில்லை. அவரும் கேளாமலே வாங்கியிருக்கக் கூடும்.

நண்பர் நெடுநேரம் படகையே பார்த்து நின்றார். பிறகு தம் தந்தையின் வள்ளத்தைப் பற்றிச் சொன்னார். ஓடாவியின் வாய்ச்சொல்லே அதற்கு உறுதி. வேறு எழுத்து எதுவும் கிடையாது. 1980களில் அது கரையிலேயே எரிந்தபோது, இழப்பீடு கேட்க ஐயாவின் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லையாம்.

“வாங்க வேண்டாம், அண்ணை” என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, பிரித்தானியாவிலேயே கட்டப்பட்ட சிறிய படகொன்றை வாங்கினார். முதல் உரிமையாளர் வரி செலுத்திப் பெற்ற பற்றுச்சீட்டு முதல் ஒவ்வொரு கைமாற்றத்தின் உறுதியும் கோப்பில் ஒழுங்காக இருந்ததாம். எனக்குப் படங்கள் அனுப்பினார். படகின் படம் ஒன்று. பற்றுச்சீட்டின் படங்கள் இரண்டு.