காவு மண்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர்களில் வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தைக்குக் களியக்காவிளை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. பாட்டாவின் கூட்டாளிகள் திண்ணையில் கூடினால் எந்த ஊர் எந்தப் பக்கம் போயிற்று என்பதுதான் பேச்சு. மண் எங்கே போகிறது என்று யாரும் கேட்டு நான் அறியேன்.

எங்கள் விளையின் கன்னிமூலையில் ஒரு பாம்புக்காவு இருந்தது. பத்து சென்ட் தேறும். அயனி, ஏழிலைப்பாலை, அவற்றின் மேல் ஏறிக் கிடக்கும் கொடிகள், சூரல் முள். ஆயில்ய நட்சத்திரத்தன்று ‘நூறும் பாலும்’ என்று நாகருக்குப் படையல் வைப்பார்கள். மற்ற நாளில் உள்ளே போகக் கூடாது, ஒரு கரியிலைகூட வெளியே எடுக்கக் கூடாது. “காவுல கெடக்கியது காவுக்கு, மக்கா” என்பாள் பெரியம்மை.

ஆயில்யத்தன்று பெரியவர்கள் விளக்கேற்றும் நேரத்தில் நாங்கள் பிள்ளைகள் குச்சியால் சருகைக் கிளறுவோம். மேலே காய்ந்த இலை. அதன் கீழே சதை அழுகி நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. அதற்கும் கீழே, நனைந்த வெள்ளை நூல் போலப் பூசண இழை ஓடும் கறுத்த பொடிமண். ஒரு சாண் தோண்டினால் போதும், அந்தக் கறுப்பு முடிந்து ஊர் முழுக்க இருக்கிற அதே செம்மண் வந்துவிடும். காவுக்கு வெளியே பத்தடி தள்ளி மரச்சீனி மூட்டில் மம்பட்டி போட்டால் முதல் வெட்டிலேயே சரல் ‘ணங்’கென்று பேசும்.

கிழக்கே அகஸ்தியமலைச் சரிவுகளில் இருக்கும் பெரிய காட்டுக்கும் இதுதான் கதை. அத்தனை செழிப்பும் நிற்பது வறிய மண்ணின் மேல். இடவப்பாதியும் துலாமழையும் யுகம் யுகமாகக் கழுவியதில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கரைந்து ஓடிவிட, இரும்பும் அலுமினியமும்தான் மிச்சம். எஞ்சிய பாஸ்பரஸையும் அவை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே காடு தன் சத்தில் பெரும்பங்கைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. விழும் இலை மக்க மக்க, மேலாக ஓடும் வேர்களும் பூசண இழைகளும் சத்தைத் திரும்ப மரத்துக்குள் ஏற்றிவிடும். மரத்தை வெட்டிச் சுட்டால் அந்தச் சாம்பலில் ஓரிரு வருஷம் பயிர் கொழிக்கும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மேல்மண் போனபின் அடியில் இருப்பது என்ன? பிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்டு, 1807-இல் வெளியான தன் பயண நூலில் எழுதினாரே, அந்த வெட்டுகல் (லேட்டரைட்). மண்ணுக்குள் இருக்கும்வரை இரும்புக் கருவியால் வெட்டலாம். காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் அந்தக் கல்தான். சுவருக்கு அது வரம். விளையில் அது தலைகாட்டினால் பிறகு அருகம்புல்லுக்கே பாடு.

1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றது. பசித்துக் கிடந்த திருவிதாங்கூரில் காட்டு நிலங்களை உணவுப் பயிருக்குத் திறந்துவிட்டார்கள். மலையில் மரச்சீனி ஏறியது. கிழங்கு பிடுங்கும்போதெல்லாம் சரிவின் மண்ணும் புரண்டு, அடுத்த மழையில் தோட்டில் இறங்கும். பசித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பின்னால் ரப்பர் வந்தது. ரப்பரும் மரம்தானே என்பார்கள். மூடுபயிர் வளர்த்து, மழைக்குழி வெட்டிக் கவனித்தால் வெறும் நிலத்துக்கு அது எவ்வளவோ தேவலை. ஆனால் ஒரே இனம், ஒரே உயரம், வருஷத்தில் ஒருமுறை இலையுதிர்வு. அடியில் முளைப்பதை மருந்தடித்துக் கருக்கிவிட்டால் மழைத்துளி நேராகச் செம்மண்ணில்தான் அறையும்.

2001 நவம்பர் 9 இரவு கிழக்கே மலையோரத்து அம்பூரியில் மலை சரிந்து நாற்பது பேரளவில் புதைந்துபோனார்கள். செங்குத்தான சரிவில் பாறைமேல் படிந்திருக்கும் மண்ணை மரத்தின் ஆழவேரும், தண்ணீர் வடிந்து போகும் ஓடைகளும்தான் காத்து நிற்கின்றன. மரம் போய், தட்டு வெட்டும்போது ஓடைகளும் அடைபட்டால், பெய்த மழை முழுக்க மண்ணுக்குள் ஊறிப் பாரமாகும். அந்த வாரம் ஊரில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் மழையைத்தான் திட்டினார்கள்.

நெய்யாறு மலையிலிருந்து பூவாறு வரை 56 கிலோமீட்டர் ஓடுகிறது. அதன் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குப் போன தண்ணீர் 2004-இல் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அதே ஆறு மழைக்காலம் தோறும் செந்நிறமாய்க் கடலுக்குக் கொண்டுபோகும் மண்ணைக் கேட்டு எந்த அரசும் வழக்காடியதில்லை.

எங்கள் காவும் இப்போது இல்லை. சொத்துப் பிரிவினையில் பூசை செய்து நாகர் சிலைகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அயனி கதவு நிலையாயிற்று, கறுத்த மண் இரண்டு மழையில் கரைந்தது.

ஆனாலும் 2021-இல் அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் உள்ள வெப்பமண்டல மறுவளர்ச்சிக் காடுகளைப் பார்த்த ஓர் ஆய்வு, முதலில் மீள்வது மண்தான் என்கிறது. அளவுக்கு மீறிச் சுரண்டாத நிலமாக இருந்தால் பத்தாண்டுக்குள் மண் பழைய நிலையை நெருங்கிவிடுகிறது. மர இனங்களெல்லாம் திரும்ப நூறாண்டுக்கு மேல் ஆகும். ரப்பர் விலை சரிந்தபின் பால் வெட்டாமல் போட்ட விளைகள் எங்கள் பக்கம் நிறைய. மருந்தடிக்க ஆளில்லாததால் அங்கே புல்லாந்தியும் பாலைக்கன்றும் தாமாக எழும்பி, சருகு கணுக்கால் வரை கிடக்கிறது. கூலி கட்டாது என்றுதான் விட்டார்கள். காரணம் எதுவானால் என்ன, மண்ணுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மரம் நடும் விழா எடுப்பவர்கள் சருகைக் கொளுத்தும் தீப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, இந்த விளைகளை இன்னும் பத்து வருஷம் இப்படியே கிடக்க விட்டால் போதும்.